அசலூரான் யார்? சால்ஸ்கி கோசாக் மாவட்டத்தின் நிர்வாகமும் மக்களும்

ரஷ்யப் பேரரசின் தெற்கே, டான் நதிக்குத் தென்கிழக்கே, மானிச் ஆற்றை ஒட்டிய புல்வெளியில் பிளாத்தோவ்ஸ்காயா என்ற ஊர் இருந்தது. அதன் எல்லைக்குள் அடங்கிய சிறு குடியிருப்புகளில் நான்காண்டு இடைவெளியில் இரண்டு ஆண் குழந்தைகள் பிறந்தன. 1879இல் பிறந்தவர் ஓகா கொரோதோவிகோவ். கல்மிக் இனத்தவர், பௌத்தக் குடும்பம், வீட்டில் பேசியது மங்கோலியத்துக்கு நெருங்கிய கல்மிக் மொழி. 1883இல் பிறந்தவர் செம்யோன் புத்யோன்னி. வொரோனேஷ் மாகாணத்திலிருந்து பிழைப்புத் தேடி வந்த ஏழை உழவர் குடும்பம், ரஷ்ய மொழி, ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவ மதம்.

இருவரில் கோசாக், அதாவது நிலத்துக்கு ஈடாகக் குதிரைப்படையில் சேவை செய்யும் வகுப்பைச் சேர்ந்தவர், யார் என்று கேட்டால், பின்னாளில் சோவியத் குதிரைப்படைத் தளபதியான புத்யோன்னியின் புகைப்படத்தைப் பார்த்த எவரும் அவரையே காட்டுவார்கள். அந்த மீசையும் வாளும் குதிரையும் வேறு எதையும் நினைக்க விடாது. ஆனால் ஊர்ப் பதிவேட்டில் கோசாக் என்று இருந்தது கல்மிக் பிள்ளையின் பெயர்தான். புத்யோன்னி வீட்டாருக்கு அங்கே ‘இனகரோத்னி’ என்று பெயர். ‘வேற்று ஊர்க்காரன்’ என்பது அதன் நேர்ப்பொருள். நம் வழக்கில் அசலூரான். அந்த மண்ணில் பிறந்திருந்தாலும் அசலூரான்தான்.

இந்த ஒரு முரணை அவிழ்க்கத் தெரிந்துகொண்டால் பிளாத்தோவ்ஸ்காயா அடங்கிய சால்ஸ்கி மாவட்டத்தின் நிர்வாகம் முழுவதும் புரிந்துவிடும் என்பது என் எண்ணம். அந்த நிர்வாகத்துக்கு ஒருவர் என்ன மொழி பேசுகிறார், எந்தக் கடவுளை வணங்குகிறார் என்பதெல்லாம் இரண்டாம் பட்சம். எந்தப் புத்தகத்தில் அவர் பெயர் ஏறியிருக்கிறது என்பதே முதல் கேள்வி.

கூடாரத்திலிருந்து மாவட்டம் வரை

கல்மிக் மக்கள் 17ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் இன்றைய சீனாவின் வடமேற்கிலுள்ள ஜுங்காரியாவிலிருந்து மேற்கு நோக்கி நகர்ந்து வோல்கா ஆற்றின் கீழ்ப்பகுதியில் வந்து தங்கிய நாடோடிகள். திபெத்திய மரபுப் பௌத்தத்தைத் தங்களோடு கொண்டுவந்தார்கள். அந்த நூற்றாண்டு முடிவதற்குள் அவர்களில் சிறு கூட்டங்கள் பிரிந்து டான் கோசாக்குகளின் பக்கம் வந்துவிட்டன. சேர்ந்து போருக்குப் போனார்கள், சண்டையும் போட்டார்கள், மறுபடி சேர்ந்தார்கள். 1771 ஜனவரியில் வோல்கா கல்மிக்குகளில் பெரும்பகுதியினர் தங்கள் கான் உபாஷியின் தலைமையில் சீன எல்லையை நோக்கித் திரும்பிப் போனார்கள். வழியில் பட்டினியாலும் தாக்குதலாலும் பெருந்தொகையினர் மாண்டார்கள். டான் கரையில் இருந்தவர்கள் போகவில்லை. போகாமல் நின்ற அந்தக் கூட்டத்தின் பேரப்பிள்ளைகளைக் கொண்டுதான் பின்னாளில் இந்த மாவட்டம் எழுந்தது.

19ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் இது மாவட்டமே இல்லை. ‘கல்மிக் மேய்ச்சல் வெளி’ என்றுதான் பெயர். மேல், நடு, கீழ் என மூன்று ‘உலுஸ்’களாகப் பிரித்திருந்தார்கள். உலுஸ் என்பது நாடோடிக் கூட்டத்தைக் குறிக்கும் மங்கோலியச் சொல். அதற்குக் கீழே 13 ‘சோத்னியா’க்கள். சோத்னியா என்றால் நூறு; கோசாக் படைப்பிரிவின் பெயர் அது. ஆக, மேல்தட்டில் நாடோடிச் சொல், கீழ்த்தட்டில் படைச் சொல். குடிக்கணக்கை ‘கிபித்கா’ எண்ணிக்கையில் வைத்தார்கள். கிபித்கா என்பது கம்பளிக் கூடாரம். ஒரு கூடாரம் ஒரு குடும்பம். ஆள் நகர்ந்தால் கூடாரமும் நகரும், கணக்கும் நகரும். அதிகாரிகளுக்குத் தலைவலிதான்.

1870களின் இறுதியில் சோத்னியாக்களை ‘ஸ்தனித்சா’ என்று பெயர் மாற்றினார்கள். ஸ்தனித்சா என்பது கோசாக்குகளின் பேரூர். சுற்றியுள்ள சிறு குடியிருப்புகளும் நிலமும் அதில் அடங்கும். 1884இல் கல்மிக் வெளி சால்ஸ்கி மாவட்டம் ஆயிற்று. டானில் கலக்கும் சால் ஆற்றின் பெயரை அதற்கு வைத்தார்கள். தலைமையிடம் மானிச் கரையிலிருந்த வெலிகோக்னியாஷெஸ்காயா. இன்று ரயில் வரைபடத்தில் சால்ஸ்க் என்றொரு நகரம் தெரியும். பலரும் அதையே பழைய தலைநகர் என்று எண்ணிக்கொள்கிறார்கள். அந்த இடம் அப்போது பக்கத்து ஸ்தாவ்ரோப்போல் மாகாணத்தில் இருந்தது. அதற்கு சால்ஸ்க் என்ற பெயர் வந்ததே 1926இல்தான்.

ஊர்ப் பெயர்களைக் கொஞ்சம் நின்று பார்க்கவேண்டும். பிளாத்தோவ்ஸ்காயா, தெனீசோவ்ஸ்காயா, இலோவாய்ஸ்காயா, குதெய்னிகோவ்ஸ்காயா, விளாசோவ்ஸ்காயா, பொத்தாபோவ்ஸ்காயா, கிராப்பெவ்ஸ்காயா. பிளாத்தோவ், தெனீசோவ், இலோவாய்ஸ்கி, குதெய்னிகோவ், விளாசோவ், பொத்தாபோவ், கிராப்பே என்று டான் படையை ஆண்ட தளபதிகளின் வருகைப் பட்டியல் போல இருக்கிறது. நெப்போலியனை விரட்டிய மத்வேய் பிளாத்தோவின் பெயர் கம்பளிக் கூடாரங்கள் நின்ற ஒரு கல்மிக் ஊருக்கு. எர்கெத்தின்ஸ்காயா, புருல்ஸ்காயா போன்ற சிலவற்றில் மட்டும் கல்மிக் குலப்பெயர் மிஞ்சியது. வீட்டுக்குள் மக்கள் தங்கள் ஊரைக் குலப்பெயரால்தான் சொன்னார்கள். அரசுத் தாளில் மட்டும் தளபதி.

ஆட்சி ஏணி

சால்ஸ்கி அடங்கிய டான் படை மாநிலம் மற்ற ரஷ்ய மாகாணங்களைப் போல உள்துறை அமைச்சகத்தின் கீழ் இல்லை. போர் அமைச்சகத்தின் கீழ் இருந்தது. பள்ளிக்கூடமோ பாலமோ எதுவானாலும் கோப்பு கடைசியில் படை அதிகாரிகளின் மேசைக்கே போய்ச் சேரும். மாநிலத் தலைவர் நோவோசெர்காஸ்க் நகரில் இருந்த ‘நியமன அத்தமான்’. பழைய காலத்தில் கோசாக்குகள் வட்டமாகக் கூடித் தங்கள் அத்தமானைத் தேர்ந்தெடுத்தார்கள்; 18ஆம் நூற்றாண்டிலேயே அந்த உரிமை பறிபோய், பேரரசர் நியமிப்பவரே அத்தமான் என்றாகிவிட்டது. ‘நியமன’ என்ற அடைமொழி அந்த இழப்பைத் தினமும் நினைவூட்டிக்கொண்டிருந்தது.

அவருக்குக் கீழே ஒவ்வொரு மாவட்டத்துக்கும் ஒரு மாவட்ட அத்தமான். இவரும் நியமனம் பெற்றவரே. ஆள் திரட்டுவது, பயிற்சி, குதிரைப் பரிசோதனை ஆகியவை ஒரு கையில். போலீஸ் மறு கையில். ஊர் அத்தமான்களின் தேர்தலை உறுதிசெய்யும் அதிகாரமும் இவரிடம் இருந்தது.

தேர்தல் என்ற சொல் இந்த இடத்தில்தான் முதன்முதலாக வருகிறது. ஏணியின் அடிப்படியில், ஸ்தனித்சாவில், மக்களாட்சி போன்ற ஒன்று உயிரோடு இருந்தது. 1891ஆம் ஆண்டுச் சட்டப்படி ஸ்தனித்சாவுக்கு ஒரு பொதுக்கூட்டம், ஓர் அத்தமான், ஒரு நிர்வாகக் குழு, ஒரு நீதிமன்றம். வீடுகள் மிகுந்த ஊரில் பத்து வீட்டுக்கு ஒருவர் என்று கூட்டத்துக்கு ஆள் அனுப்பினார்கள். அத்தமானின் பதவிக்காலம் மூன்றாண்டுகள். நிலத்தைப் பங்கிடுவது, மேய்ச்சல் எல்லை குறிப்பது, குதிரை வாங்க முடியாத ஏழைக்கு ஊர்ப் பணத்திலிருந்து கடன் கொடுப்பது, சண்டை சச்சரவுகளைத் தீர்ப்பது எல்லாம் இந்தக் கூட்டத்தின் வேலை. சிறு குடியிருப்புக்கும் தனியே ஓர் அத்தமானும் கூட்டமும் உண்டு.

கல்மிக் ஸ்தனித்சாக்களிலும் இதே சட்டம்தான். மொட்டையடித்த பிக்குகள் தெருவில் போக, ‘ஹுருல்’ என்னும் பௌத்தக் கோயிலின் சங்கொலி கேட்க, கூட்டத்தில் கல்மிக் மொழியில் வாதாடி, தீர்மானத்தை ரஷ்ய மொழியில் எழுத்தர் பதிவுசெய்வதை நினைத்துப் பாருங்கள். எழுத்தர் பதவி அங்கே ஏன் அவ்வளவு கனமானதாக இருந்திருக்கும் என்பது புரியும்.

இதே கல்மிக் மக்களின் பெரும்பகுதி கிழக்கே அஸ்திரகான் புல்வெளியில் இருந்தது. அவர்களுக்கு ‘நோயோன்’ எனப்படும் பரம்பரைப் பிரபுக்கள் உண்டு. அந்தப் பிரபுக்களுக்குக் குடிமக்கள் கட்டுப்பட்டிருந்த முறையை 1892இல்தான் சட்டம் போட்டு நீக்கினார்கள். அவர்கள் கோப்பு வேறு அமைச்சகத்தில். டான் கல்மிக்குகளுக்குப் பிரபுவும் இல்லை, அந்தக் கட்டுப்பாடும் இல்லை. அதற்கு அவர்கள் கொடுத்த விலை 20 ஆண்டுப் படைச் சேவை. ஒரே மொழி, ஒரே மதம். எந்தப் பக்கம் மேய்ச்சலுக்குப் போனார்கள் என்பதை வைத்து இரண்டு வேறு வாழ்க்கைகள்.

அந்த 20 ஆண்டு இப்படிப் பிரிந்தது: 18 வயதிலிருந்து மூன்றாண்டு ஆயத்தப் பிரிவு, பிறகு 12 ஆண்டு களப் பிரிவு, கடைசியாக ஐந்தாண்டு காப்புப் பிரிவு. களப் பிரிவின் முதல் நான்காண்டு வீட்டை விட்டுப் படையில் இருக்கவேண்டும். மீதி எட்டாண்டு ஊரில் இருந்தாலும் அழைத்தால் போகத் தயாராக இருக்கவேண்டும். குதிரை, சேணம், சீருடை, வாள் அனைத்தும் சொந்தச் செலவு. இதற்கு ஈடாகத்தான் நிலப்பங்கு. ஒரு கோசாக் ஆணுக்கு 30 தெசியாத்தினா, அதாவது ஏறக்குறைய 80 ஏக்கர், என்பது 1835ஆம் ஆண்டுச் சட்டம் வகுத்த அளவு. மக்கள் பெருகப் பெருகப் பல மாவட்டங்களில் அது பாதிக்கும் கீழே சுருங்கியது. குதிரையின் விலை சுருங்கவில்லை.

டான் கல்மிக்குகளுக்கென்று தனிப் படையணி வைக்கவில்லை. ரஷ்ய கோசாக்குகளோடு அதே அணியில், அதே வரிசையில் நின்றார்கள். இது பெருந்தன்மையா, கணக்கெழுதும் வசதியா என்று தீர்மானமாகச் சொல்ல முடியாது. இரண்டாவதற்கே என் வாக்கு.

பிக்கு என்றொரு சிக்கல்

எல்லோரையும் ஆள்கணக்கில் பார்க்கும் நிர்வாகத்துக்குப் பௌத்த மடம் ஒரு கண்ணுறுத்தல். கல்மிக் குடும்பங்களில் ஒரு மகனைச் சிறுவயதிலேயே மடத்துக்குக் கொடுப்பது வழக்கம். அவன் ‘மஞ்சிக்’ என்னும் மாணவனாகச் சேர்ந்து, ‘கெத்சுல்’ ஆகி, பிறகு ‘கெல்யூங்’ என்னும் முழுத் துறவியாவான். மடத்துக்குப் போனவன் படைக்கு வரமாட்டான். ஒரு ஹுருலில் எத்தனை பேர் இருக்கலாம் என்று டான் நிர்வாகம் உச்சவரம்பு வைத்ததன் காரணம் இதுதான். இதில் மதவெறுப்பைத் தேடவேண்டியதில்லை, குதிரைவீரன் குறைகிறானே என்ற கவலை போதும்.

வரம்பு வைத்த அதே கை, துறவிகளுக்கு ஒரு தலைமையையும் அமைத்துக் கொடுத்தது. ஒவ்வொரு ஹுருலுக்கும் ஒரு ‘பக்ஷி’. எல்லாருக்கும் மேலே டான் கல்மிக்குகளின் லாமா. அரசு அங்கீகரித்த பதவி அது. 1903 முதல் அந்தப் பதவியில் இருந்த மென்கோ போர்மன்ஜினோவ் ரஷ்யப் பேரரசின் பௌத்த உலகில் மதிப்புப் பெற்ற பெயர். அத்தமானுக்கு மேல் அத்தமான் இருப்பதைப் போலவே பக்ஷிக்கு மேல் லாமா. ஏணி பழகிப்போன நிர்வாகம் மடத்துக்கும் ஏணி போட்டது.

76,297 பேர்

1897 ஜனவரி 28 அன்று, பழைய நாள்காட்டிப்படி, ரஷ்யப் பேரரசு தன் முதலும் கடைசியுமான பொதுக் கணக்கெடுப்பை நடத்தியது. டான் படை மாநிலத்தில் மொத்தம் 25,64,238 பேர். அதில் சால்ஸ்கி மாவட்டத்தின் பங்கு 76,297. நூற்றுக்கு மூன்று பேர். மாநிலத்தின் ஒன்பது மாவட்டங்களில் இதுவே கடைசி; இதற்கு மேலே இருந்த இரண்டாம் டான் மாவட்டத்திலேயே 2,39,055 பேர் இருந்தார்கள். மக்கள் மிகுந்த தோனெத்ஸ்கி மாவட்டத்தில் 4,55,819, சால்ஸ்கியைப் போல ஆறு மடங்கு. நிலப்பரப்பிலோ சால்ஸ்கி யாருக்கும் இளைத்ததில்லை. வண்டியில் போனால் நாள் முழுவதும் ஒரு மனிதரையும் காணாமல் போகலாம்.

இந்த எண்ணை வைத்துக்கொண்டு மாவட்டத்தில் யார் இருந்தார்கள் என்று சொல்லப் புறப்பட்டால் முதல் தடை வரும். 1897 கணக்கெடுப்பு ‘உன் இனம் என்ன’ என்று கேட்கவில்லை. தாய்மொழி, மதம், சமூகப் படிநிலை என்று மூன்றாகக் கேட்டது. கொரோதோவிகோவ் வீட்டாரைப் போன்ற ஒரு குடும்பம் மொழி அட்டவணையில் கல்மிக் வரிசையில் விழும், மத அட்டவணையில் பௌத்தர் வரிசையில், படிநிலை அட்டவணையில் படைக் கோசாக் வரிசையில். மூன்று அட்டவணையையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பார்க்காதவருக்கு ‘கோசாக்’ என்றதும் சிலுவை அணிந்த ரஷ்யர்தான் தெரிவார். பின்னாளில் எழுதியவர்கள் பலர் செய்த பிழை இது.

மாநிலம் முழுவதும் கல்மிக் மொழி பேசியவர்கள் 32,283 பேர். அவர்களில் பெரும்பாலோர் இந்த ஒரு மாவட்டத்தில் இருந்தார்கள். மாவட்ட மக்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அவர்கள்தான். மீதியில் ரஷ்ய மொழி பேசியவர்களும் உக்ரைனிய மொழி பேசியவர்களும் அதிகம், கொஞ்சம் ஜெர்மானியக் குடியேறிகளும் உண்டு. ரஷ்யரில் ஒரு பகுதியினர் டானின் பழைய ஊர்களிலிருந்து நிலம் தேடி வந்து அத்தமான்ஸ்காயா, ஓர்லோவ்ஸ்காயா போன்ற ஊர்களில் குடியேறிய கோசாக்குகள். மற்றவர்களும் உக்ரைனியரில் மிகப் பெரும்பாலோரும் அசலூரார்.

டான் மாநிலம் முழுவதையும் எடுத்துக்கொண்டால் கோசாக் படிநிலையில் இருந்தவர்கள் நூற்றுக்கு 40 பேரே. கோசாக் நாடு என்று உலகம் அழைத்த நிலத்தில் கோசாக்குகள் சிறுபான்மை.

நிலமும் கிடையும்

1868 ஏப்ரல் 29ஆம் தேதிச் சட்டம் கோசாக் அல்லாதவர்களும் கோசாக் மண்ணில் வீடு வாங்கிக் குடியிருக்கலாம் என்று கதவைத் திறந்தது. வீடு அவர்களுடையது, வீடு நிற்கும் மனை ஊருடையது. அந்த மனைக்கு அளவைப் பொறுத்து ஆண்டுதோறும் ஊருக்குக் கட்டணம் செலுத்தவேண்டும். உழ நிலம் வேண்டுமென்றால் குத்தகைக்கு எடுக்கவேண்டும். ஊர்க்கூட்டத்தில் நிலத்தைப் பற்றிப் பேச வாய் கிடையாது. பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் அங்கேயே பிறந்தாலும் இந்த நிலை மாறாது, ஊர்க்கூட்டம் மனம்வைத்துக் கோசாக்காகச் சேர்த்துக்கொண்டாலொழிய. நிலப்பங்கு ஏற்கெனவே சுருங்கிக்கொண்டிருந்த ஊர்கள் ஏன் மனம்வைக்கப் போகின்றன?

சால்ஸ்கியில் இதற்கு ஒரு தனிச்சுவை இருந்தது. படைக்குப் போன கல்மிக் கோசாக்குக்குப் பங்கு நிலம் உண்டு. உழவில் நாட்டம் குறைவு, ஆடும் மாடும் குதிரையும்தான் அவர் உலகம். பக்கத்தில் உழத் தெரிந்த கையும் பசித்த வயிறுமாக அசலூர் உழவர். அதனால் கல்மிக் நிலத்தை ரஷ்ய, உக்ரைனிய உழவர்கள் குத்தகைக்கு எடுத்து உழுதார்கள். இரு தரப்புக்கும் வசதியான ஏற்பாடுதான். ஆனால் ஒவ்வோர் ஆண்டும் குத்தகைப் பணத்தை எண்ணிக் கொடுக்கும்போது, ‘மேய்ப்பவனுக்கு நிலம், உழுபவனுக்குக் கூலி’ என்ற நினைப்பு உழவன் மனத்தில் படிந்திருக்கும். அது பின்னால் வெடித்தது.

இன்னொரு வகை ஆட்களும் அங்கே இருந்தார்கள். மானிச், சால் ஆறுகளுக்கு இடைப்பட்ட படையின் உபரி நிலத்தை 1870களிலிருந்து தனியார் குதிரைப் பண்ணையாளர்களுக்குச் சொற்பக் குத்தகைக்கு விட்டார்கள். ஒரே நிபந்தனை: இவ்வளவு குதிரை வளர்க்கவேண்டும், படைக்குக் கொடுக்கவேண்டும். இந்தப் பண்ணைகளுக்கு ‘ஸிமோவ்னிக்’ என்று பெயர். குளிர்காலக் கிடை என்று சொல்லலாம். ஒவ்வொரு பண்ணையிலும் பண்ணையார் வீடு, வேலையாட்கள் கொட்டகை, வைக்கோல் போர், சுற்றிலும் கண்ணுக்கு எட்டிய மட்டும் புல். மந்தை மேய்க்கக் கல்மிக் ஆட்களைத்தான் தேடிப் பிடித்தார்கள். ‘ஷுர்கான்’ என்னும் பனிப்புயலில் கலைந்த குதிரைகளைத் தேடிக் கொண்டுவர அவர்களை விட்டால் ஆளில்லை. பனியைக் குளம்பால் கிளறி அடியிலிருக்கும் காய்ந்த புல்லைத் தின்னப் பழகிய குதிரைகள் அவை. பனிக்கு மேல் கண்ணாடி போல உறைந்துவிட்டால் மட்டும் தீர்ந்தது, மந்தை மந்தையாகச் சாகும்.

பண்ணையாளர்கள் ஸ்தனித்சா நிர்வாகத்துக்குள் அடங்காதவர்கள். அவர்கள் குத்தகை படை நிர்வாகத்தோடு நேரடியானது. ஊர்க்கூட்டம் கேட்டால் பதில் சொல்லவேண்டியதில்லை. ஆகவே மாவட்ட வரைபடத்தில் ஸ்தனித்சா நிலங்களுக்கு நடுவே ஊர் அத்தமானின் கை எட்டாத பெரும் பரப்புகள் இருந்தன.

ஸ்தனித்சாவின் நில எல்லைக்கு டான் வழக்கில் ‘யுர்த்’ என்று பெயர். நாடோடிக் கூடாரத்தைக் குறிக்க உலகம் பயன்படுத்தும் அதே சொல். சால்ஸ்கி கல்மிக்கு தன் கூடாரத்தைக் கிபித்கா என்ற ரஷ்ய வழக்குச் சொல்லால் அரசுக்குச் சொல்ல, அரசு அவன் நிலத்தை யுர்த் என்ற துருக்கிச் சொல்லால் அவனுக்குச் சொன்னது.

1890களின் இறுதியில் சாரித்சின் நகரிலிருந்து திக்கோரெத்ஸ்காயா வரை போட்ட ரயில்பாதை மாவட்டத்தைக் குறுக்கே வெட்டிச் சென்றது. கோதுமையைக் கருங்கடல் துறைமுகத்துக்கு அனுப்ப வழி பிறந்ததும் புல்வெளியின் விலை ஏறியது, குத்தகை ஏறியது, அசலூரார் வரத்தும் ஏறியது. நிர்வாகம் மட்டும் 1891 சட்டத்தோடே நின்றது.

புத்தகம் கிழிந்தபோது

1917 நவம்பரில், புரட்சியில் ஆட்சியைப் பிடித்த போல்ஷெவிக் அரசு சமூகப் படிநிலைகள் அனைத்தையும் ஒரே ஆணையில் நீக்கியது. கோசாக், உழவர், பிரபு என்ற சொற்களுக்குச் சட்டத்தில் இடமில்லாமல் போயிற்று. டான் தலைநகரில் அத்தமான் அலெக்சேய் கலேதின் அசலூராருக்கும் ஆட்சியில் சரிபாதி இடம் கொடுத்துப் பார்த்தார். மிகவும் தாமதம். 1918 பிப்ரவரி 11 அன்று அவர் தம்மைத் தாமே சுட்டுக்கொண்டார்.

அடுத்து நடந்தது நேரே சால்ஸ்கியில் வந்து விழுந்தது. நோவோசெர்காஸ்க் போல்ஷெவிக்குகளின் செம்படை கைக்குப் போகும் தறுவாயில் கோசாக் தளபதி பியோத்தர் போப்போவ் சுமார் 1,500 பேரோடு நகரத்தை விட்டு வெளியேறி நேராகக் குளிர்காலக் கிடைகளை நோக்கி நடந்தார். ஏன் அங்கே? குதிரை இருக்கிறது, வைக்கோல் இருக்கிறது, ரயில்பாதை தூரத்தில் இருக்கிறது, கோசாக் என்ற பதிவை இழக்க விரும்பாத கல்மிக் ஊர்கள் இருக்கின்றன. படைக்குக் குதிரை வேண்டும் என்று கட்டிவளர்த்த பண்ணை ஏற்பாடு கடைசியில் உள்நாட்டுப் போரின் தீனிக்கிடங்கானது.

கல்மிக் கோசாக்குகள் பலர் போப்போவோடு சேர்ந்தார்கள். அசலூர் உழவர்கள் செம்படைப் பக்கம் போனார்கள். பிளாத்தோவ்ஸ்காயாவில் முதலில் அசலூராரைக் கொன்றார்கள். பழிக்குப் பழியாகக் கல்மிக்குகளைக் கொன்றார்கள், ஹுருல்களைக் கொளுத்தினார்கள். படையிலிருந்து ஊர் திரும்பியிருந்த புத்யோன்னி இந்தக் காலத்தில்தான் ஒரு சிறு குதிரைக் கூட்டத்தோடு தம் போரைத் தொடங்கினார். மொழியும் முகமும் மதமும் வேறாக இருந்ததால் இதை இனக் கலவரம் என்று எழுதிவிடுவது சுலபம். எனக்கு அது முழுமையாகப் படவில்லை. யாருக்கு ஊர்க்கூட்டத்தில் இடம், யாருக்கு மனைக்கட்டணம் என்று 50 ஆண்டு எழுதிய கோடு அங்கே ரத்தத்தில் நனைந்தது. அந்தக் கோடு இந்த மாவட்டத்தில் மட்டும் இன எல்லையோடு பொருந்திப்போனது. டானின் மற்ற மாவட்டங்களில் இதே கோட்டுக்கு இருபுறமும் நின்று வெட்டிக்கொண்டவர்கள் ஒரே மொழி பேசி ஒரே தேவாலயத்துக்குப் போனவர்கள்.

கோட்டைத் தாண்டியவர்களும் உண்டு. கொரோதோவிகோவ் பதிவுபெற்ற கோசாக், டான் படையணியில் சேவை செய்தவர். அவர் செம்படைக்குப் போனார். புத்யோன்னியோடு சேர்ந்து போரிட்டு, 1920இல் இரண்டாம் குதிரைப் படைக்கே தலைமை ஏற்றார்.

1918இல் டான் அத்தமானாக வந்த பியோத்தர் கிராஸ்னோவ் பழைய புத்தகத்தை மறுபடி திறந்தார். தம் பக்கம் போரிட்ட அசலூராரைக் கோசாக்காகச் சேர்க்க வழிசெய்தார். செம்படைக்குப் போன கோசாக்குகளை ஊர்க்கூட்டத் தீர்மானம் போட்டுப் பெயர் நீக்க வைத்தார். அதுவரை பிறப்பால் வந்த பதிவு இப்போது விசுவாசத்துக்குக் கூலியானது. கல்மிக்குகளுக்கென்று தனிப் படையணி உருவானதும் இந்தப் போரில்தான். 80ஆவது ஜுங்கார் படையணி. அவர்கள் முன்னோர் விட்டு வந்த நாட்டின் பெயர்.

1920 மார்ச்சில், போல்ஷெவிக்குகளை எதிர்த்த வெள்ளைப் படை நோவோரோசிய்ஸ்க் துறைமுகத்தை நோக்கிப் பின்வாங்கியபோது சால்ஸ்கி கல்மிக் ஊர்களே வண்டி கட்டிக்கொண்டு பின்னால் நடந்தன. கிழவர், குழந்தைகள், மடத்துத் திருவுருவங்கள், மாடுகள். டைபஸ் காய்ச்சல் வழிநெடுகப் பறித்தது. கப்பலில் இடம் கிடைத்தவர்கள் சிலரே. அப்படிப் போனவர்களில் பெல்கிரேடு நகரில் தங்கியோர் 1929இல் அங்கே ஒரு பௌத்தக் கோயில் கட்டி முடித்தார்கள். ஒரு கோசாக் மாவட்டத்தின் கடைசி ஹுருல் செர்பியத் தலைநகரில் எழுந்தது. அதுவும் இரண்டாம் உலகப் போரைத் தாண்டி நிலைக்கவில்லை. அந்தச் சமூகத்தில் ஒரு பகுதியினர் 1950களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் நியூஜெர்சிக்குப் போய்ச் சேர்ந்தார்கள்.

ஊரில் மிஞ்சியவர்களில் பலர் 1920இல் கிழக்கே உருவான கல்மிக் சுயாட்சிப் பகுதிக்குக் குடிபெயர்ந்தார்கள். போகாதவர்களுக்காக ரோஸ்தோவ் வட்டாரத்தில் கல்மிக் வட்டம் ஒன்று இருந்தது. 1943 டிசம்பர் 28 அன்று சோவியத் அரசு கல்மிக் மக்கள் அனைவரையும் எதிரிக்குத் துணைபோனவர்கள் என்று குற்றம்சாட்டிச் சைபீரியாவுக்கு ரயிலேற்றத் தொடங்கியது. 1944 மார்ச்சில் ரோஸ்தோவ் கல்மிக்குகளின் முறை வந்தது. அவர்களுடைய வட்டத்தையும் கலைத்தார்கள். இந்த முறை கோசாக்கா, செம்படை வீரனா என்ற பதிவு எதையும் பார்க்கவில்லை, கல்மிக் என்ற ஒரே பதிவு போதுமாயிருந்தது. 1957இல் திரும்ப அனுமதி கிடைத்தபோது கல்மிக் சுயாட்சி மீண்டது. சால் ஆற்றங்கரை வட்டம் மீளவில்லை.

பெயர்ப் பலகைகள்

வெலிகோக்னியாஷெஸ்காயா என்றால் பெரும் இளவரசருக்குரியது என்று பொருள். சோவியத் காலத்தில் அதைப் பாட்டாளியின் பெயருக்கு மாற்றினார்கள், இன்று புரோலெத்தார்ஸ்க். ஸிமோவ்னிகி என்ற ஊர் இன்றும் குளிர்காலக் கிடை என்ற பெயரோடே வட்டத் தலைநகராக இருக்கிறது. அந்தக் கிடைகளின் நிலத்தில் சோவியத் அரசு குதிரைப் பண்ணைகள் நடத்தி ஒரு புதிய சவாரி இனத்தை உருவாக்கியது. 1940களின் இறுதியில் அங்கீகாரம் பெற்ற அந்தக் குதிரைக்கு வைத்த பெயர் புத்யோன்னி.

பிளாத்தோவ்ஸ்காயா என்ற பெயர் வரைபடத்தில் இல்லை. அசலூரான் என்று மனைக்கட்டணம் செலுத்திய குடும்பத்தின் பிள்ளை பெயரால் அந்த ஊர் இன்று புத்யோன்னோவ்ஸ்காயா. அதே ஊரின் பதிவேட்டில் கோசாக்காக இருந்த கொரோதோவிகோவின் பெயரும் ஓர் ஊருக்கு உண்டு. 1971 முதல் அது கொரோதோவிகோவ்ஸ்க். மாவட்ட எல்லைக்கு வெளியே, கல்மிக் குடியரசில் இருக்கிறது.